கொற்றமாதேவி தீயில் இறங்கவில்லை

மயிலாப்பூர்
16.7.95

சௌ. காமாக்ஷிக்குக் கோதண்டபாணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மஹதிக்குக் காய்ச்சல் விட்டதும், பேரக்குழந்தை பாலைக் கக்காமல் இருப்பதும் தெரிந்து நிம்மதி அடைந்தேன். ஜாம்ஷெட்பூரில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கே மழையும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. எதிர்ப் போர்ஷன் சாவித்திரி டெலிபோன் ஆபீசுக்குக் கிளம்புமுன் என் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைத்துவிடுகிறாள். அவள் புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தன் கஷ்டத்துக்கு நடுவில் என் குடத்தை நினைவு வைத்துக்கொள்கிறாள். அவள் வேலையிலிருந்து திரும்பும்வரை பெண் வர்ஷினி நம் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. கணக்கில் சந்தேகம் வந்தால் ‘பாட்டி எப்ப வருவா?’ என்று கேட்கிறது. என்னிடம் நம்பிக்கை இல்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். அங்கே வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஒரு வருஷத்துக்கு வர முடியுமா என்று கேட்டார்கள் என்றும், ‘ஆத்துக்காரரைக் கேட்டுண்டு சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு வந்தாய் என்றும். அதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். அவசரப்பட்டு எதையாவது எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது என் மனத்தை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நீ மஹதியின் பிரசவத்துக்குக் கிளம்புமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்தாயே, அந்தத் தொடரைப் பற்றித்தான். இரண்டாவது வாரம், ‘இந்த ராணிக்குக் கால் இல்லையோ? எப்பப் பார்த்தாலும் படியிலேயே உக்காந்துண்டிருக்காளே’ என்று கேட்டுவிட்டு நீ குக்கரை இறக்கப் போய்விட்டாய். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. டைட்டிலில் ‘சரித்திர ஆலோசனை: பேராசிரியர் வே. கோதண்டபாணி’ என்று வந்ததை நீ சரியாகக் கவனித்தாயா என்ற நினைப்பில் இருந்தேன். (நான் ரீடராகத்தான் ஓய்வு பெற்றேன். பேராசிரியர் என்று போட்டது தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் மாறவில்லை.)

நீ கேட்டது சரி. அவளுக்குக் கால் இல்லை. இன்றோடு ஏழு வாரம் ஓடியிருக்கிறது. அவள் அந்தப் படியை விட்டு எழுந்தது ஆரத்தி எடுப்பதற்கும், மயங்கி விழுவதற்கும்தான்.

கீழ்மாத்தூர்க் கல்வெட்டைப் பற்றி நான் கல்லூரி மலரில் எழுதிய பழைய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் டைரக்டர் ஸ்ரீநாத் என்னைத் தேடி வந்தான். அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று உனக்கு மனப்பாடமாகத் தெரியும். எத்தனை தடவை சொல்லிச் சலிக்க வைத்திருக்கிறேன். குறுநில மன்னன் ஒருவனின் மனைவி கொற்றமாதேவி. ஊர்ச் சபையிடம் நிலம் வாங்கினாள். ஏரிக்கு மதகு கட்டினாள். வருஷாவருஷம் வண்டல் அள்ளுகிறவர்களுக்கு நெல் ஒதுக்கி வைத்தாள். இத்தனையும் கணவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. அதே கல்லில் இளைய ராணி பூதியின் பெயரும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து செய்த தர்மம்.

தொடரில் பூதி ஒரு நாட்டியக்காரி. கண்ணைச் சுற்றி மை அப்பியிருக்கிறார்கள். மோதிரத்துக்குள் விஷம் வைத்திருக்கிறாள். மூத்தவள் அழுகிறாள், இளையவள் சிரிக்கிறாள், நடுவில் ராஜா மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறான். நிலமும் இல்லை, ஏரியும் இல்லை. மூன்றாவது வாரத்தில், பஞ்சத்துக்கு நெல் கேட்டு வந்த குடியானவனிடம் ராணி ‘மன்னரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறாள். கல்லில் அவள் யாரையும் கேட்கவில்லை, காமாக்ஷி. எந்த வரியிலும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை அடையாறில் பெண்கள் அமைப்பு ஒன்று கூட்டம் போட்டிருந்தது. தொலைக்காட்சியின் சரித்திரத் தொடர்களில் பெண்கள் என்பது தலைப்பு. பேப்பரில் பார்த்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கல்லூரி ஆசிரியை ஒருவர் பேசினார். ‘அரண்மனைனா இவங்களுக்கு ரெண்டே பொம்பளைங்கதான். ஒருத்தி அழணும், ஒருத்தி விஷம் வைக்கணும். அங்க சோறு யார் பொங்கினா, நெல்லு யார் நட்டா, கணக்கை யார் பார்த்தா? ஆயிரம் வருஷமா ஒரு பொம்பளையும் ஒரு வேலையும் செய்யலையா?’ என்று கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உடனே அவர் நம் தொடரின் பெயரைச் சொல்லி, ‘இந்தக் கூத்துக்கு ஒரு சரித்திரப் பேராசிரியர் வேற பேரைக் கொடுத்திருக்கார்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலையாட்டுவதை நிறுத்திவிட்டேன். டீ கொடுப்பதற்குள் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். வாராவாரம் கதைத் தாள்கள் வருகின்றன. தாளுக்குத் தாள் ஓரத்தில் என் ஆட்சேபத்தை எழுதித்தான் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை நான் சொல்லும் முறை சரியில்லையோ. நாடகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமோ, எனக்குத்தான் அது தெரியவில்லையோ என்றும் தோன்றுகிறது.

மஹதியைப் பத்தியமாக இருக்கச் சொல். குழந்தையைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புள்ள,
வே. கோ.


மயிலாப்பூர்
26.7.95

சௌ. காமாக்ஷிக்கு,

ஆசீர்வாதம். நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை புரொடக்ஷன் மானேஜர் கபாலி வேனோடு வந்து, ‘சார், டைரக்டரு உன்ன ஸ்பாட்டுக்கு இட்டாரச் சொன்னாரு. பல்லக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு அங்க ஒரே சண்டையாக் கீது’ என்றான். போனேன். பாலவாக்கத்தில் கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் ஒரு பங்களா. அதன் முன்னால் ஒட்டுப்பலகையில் அரண்மனை கட்டியிருக்கிறார்கள். நமக்கு மனப்பாடமான அந்தப் படியும் அங்கேதான் இருக்கிறது. கைவைத்தால் ஆடுகிறது.

படியில் ராணி உட்கார்ந்திருந்தாள். ஷண்முகப்ரியா என்று பெயர், தெற்குச் சீமைப் பெண். கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் என்னை அறைந்தது.

‘நீங்கதான கோதண்டபாணி சார்? தாமிரபரணியில நீச்சலடிச்சு வளந்தவ சார் நானு. ஏரி மதகு சீன்ல தண்ணிக்குள்ள இறங்கணும், நீச்சல் தெரியுமான்னு கேட்டுத்தான் என்னை எடுத்தாங்க. எட்டு வாரமா இந்தப் படியில உக்காந்து அழுதாச்சு. இப்ப தண்ணிக்குப் பதிலாத் தீன்னு சொல்லுதாங்க. அதுக்கும் நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. படிச்சவங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு நெனச்சேன்’ என்றாள்.

நான் சொல்லியிருக்கிறேனே, தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேனே என்றேன். அவள் தன் கையிலிருந்த தாள்களை நீட்டினாள். ஜெராக்ஸ் பிரதி. வாங்கிப் புரட்டினேன். வசனம் அப்படியே இருந்தது. கீழே என் கையெழுத்து கன்னங்கரேலென்று இருந்தது. ஓரங்கள் சுத்த வெள்ளை.

என் வழக்கம் உனக்குத் தெரியும். பிறர் எழுதியதன்மேல் நான் மை வைக்கமாட்டேன். மாணவர்களின் ஆய்வேட்டைக்கூடப் பென்சிலால்தான் திருத்துவேன், அதுவும் அந்த 2H பென்சிலால், அழுத்தாமல். நான் சொன்னது தவறென்றால் அவர்கள் அழித்துவிடலாம் என்பதற்காக. இதையும் அப்படியே செய்தேன். கையெழுத்தையும் பென்சிலில்தான் போட்டேன். முதல் வாரமே கபாலி, ‘சைனை மட்டும் பேனாவுல போட்டுரு சார், ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க’ என்று தாளைத் திருப்பித் தந்தான். நானும் போட்டேன். மூலத்தாள் டி.நகர் ஆபீஸ் பீரோவுக்குப் போய்விடும். எடுக்கிற பிரதியில் என் பென்சில் எழுத்து விழவே இல்லை. எட்டு வாரமாக நான் சொன்ன ‘கூடாது’ ஒன்றும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ‘சரி’ மட்டும் சேர்ந்திருக்கிறது.

கபாலியிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். ‘இன்னா சார் நீ. பென்சில்ல எழுதினா மெஷினுக்குக் கண்ணு தெரியுமா? எதுனா வாணாம்னா பேனாவுல வாணாம்னு சொல்லணும் சார்’ என்றான். ஸ்ரீநாத் சொன்னது அதைவிட வலித்தது. ‘நீங்க ஒண்ணுமே ஆட்சேபிக்கலையேன்னு நானே ஆச்சரியப்பட்டேன் மாமா. சரி, சரித்திரத்துல இதுக்கெல்லாம் இடமிருக்கு போலிருக்குன்னு நெனச்சேன்’ என்றான். அடுத்த திங்கட்கிழமை தீக் காட்சியைப் படம்பிடிக்கிறார்கள். ஆறாம் தேதி ஞாயிறு ஒளிபரப்பு. கதையே அங்கேதான் முடிகிறதாம், இனி மாற்ற முடியாதாம். வேண்டுமானால் டி.நகரில் தயாரிப்பாளர் ராஜரத்தினத்திடம் பேசிப் பார்க்கச் சொன்னான்.

ராணி கணவனின் சிதையில் இறங்குகிற தாளில் நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ‘கணவன் மறைவுக்குப் பின் இவள் நெடுங்காலம் வாழ்ந்ததற்குச் சான்று உள்ளது. தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்.’ ஒரு பெண்ணை உயிரோடு கொளுத்துகிறார்கள். நான் தயவுசெய்து என்று எழுதியிருக்கிறேன்.

அதோடு போயிருந்தால் மனம் புழுங்கிக்கொண்டு வழக்கம்போல இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்னும் உனக்குச் சொல்லவில்லை.

அன்று எட்டாவது வாரம். நம் கூடத்தில் வழக்கமான கூட்டம். மாடி வீட்டு மாமி, சாவித்திரி, வர்ஷினி. முடிவில் விளம்பரம் போட்டார்கள். ஹோமத் தீக்கு முன்னால் ராணி நிற்கிற பழைய காட்சியைக் காட்டி, ‘கணவனோடு கொற்றமாதேவி தீப்புகுவாளா?’ என்று ஒரு கனத்த குரல் கேட்டது. மாடி வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, ‘குடுத்து வச்சவ. அந்தக் காலத்துல எப்படி இருந்திருக்கா பாருங்கோ’ என்றாள். மாமிக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைவில்லை, அவ்வளவுதான். சாவித்திரி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம், நான் பாலவாக்கத்திலிருந்து திரும்பி உட்கார்ந்த நேரம். வர்ஷினி ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: ‘தாத்தா, எங்கப்பா செத்துப்போனப்போ அம்மாவும் நெருப்புல போயிருக்கணுமா?’ யார் சொன்னது என்று கேட்டேன். ‘டிவில ராணி போகப் போறாளே. உங்க பேர் போட்டுதே. உங்களுக்குத் தெரியுமே’ என்றது. ஏழு வயதுக் குழந்தை. சந்தேகத்தைச் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறது. என் பெயர் வந்ததே.

இல்லையடி கண்ணே, கூடவே கூடாது என்றேன். ‘அப்ப ராணி மட்டும் ஏன் போறா?’ என்றது. ஸ்லேட்டை எடுத்து அதன் கையில் கொடுத்து, முதலில் கணக்கை முடி என்றேன். இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை, காமாக்ஷி. அந்த ராணி விழாத தீயைப் பலகையடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி உண்டாக்கி, அதில் ஒரு நல்ல நிர்வாகியைத் தள்ளி, அதைப் பெருமை என்று கூடத்துக்குக் கூடம் காட்டுகிறார்கள். பார்க்கிற பெண் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு எதிரில் இருக்கிறவளை அளக்கிறாள். அந்த அளவுகோலில் முத்திரை என்னுடையது.

வெள்ளிக்கிழமை டி.நகருக்குப் போகிறேன். சட்டை அளவு பெரிதாகிவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்கக்கூட உன்னை அனுப்பியவன் நான். நீ இல்லாமல் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். அங்கே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றும் தெரியும்.

பள்ளி விஷயத்துக்குப் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இதை முடித்தால்தான் அதை எழுத எனக்கு யோக்கியதை வரும் என்று தோன்றுகிறது.

வே. கோ.


மயிலாப்பூர்
6.8.95, ஞாயிறு மத்தியானம்

காமாக்ஷிக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பி பஸ் பிடித்து டி.நகர் போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பேருந்திலிருந்து என்னை இறக்கியதே ஜனங்கள்தான். ராஜரத்தினத்தின் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் தொடரின் ஆபீஸ். அங்கே மேஜைக்குப் பின்னால் அவர் மனைவி தங்கபுஷ்பம் இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அந்த அம்மாளிடம்தான் பேசினார்கள், அந்த அம்மாள்தான் கையெழுத்துப் போட்டார். ராஜரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காபி வரவழைத்து, ஐயா ஐயா என்று மிகவும் மரியாதையாக நடத்தினார்கள். எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கக் கை வரவில்லை. நேரே சொல்லிவிட்டேன்: அந்த ராணி தீயில் விழவில்லை, பன்னிரண்டு வருஷம் கழித்து ஏரிக்கு மதகு கட்டியிருக்கிறாள், கல்வெட்டு இருக்கிறது.

தங்கபுஷ்பம் அம்மாள் கோபப்படவில்லை. ‘இருக்கட்டும்யா, கட்டியிருக்கட்டும். ஆனா புருசன் போன பெறவு அவளுக்கு என்ன சேலை கட்டிவிட?’ என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். வாராவாரம் ராணி புதுப் பட்டு கட்டிக்கொண்டு படியில் உட்கார்வது கடைக்காக. ஞாயிற்றுக்கிழமை காட்டிய சேலையைத் திங்கட்கிழமை வந்து கேட்கிறார்களாம். ஏரிக்கரைக் காட்சியை முதலிலேயே நீக்கிவிட்டதும் அதனால்தான், பட்டு நனைந்துவிடும். ராஜா இறந்தபின் கதையை நீட்டினால் ராணிக்கு வெள்ளை உடுத்த வேண்டும். ‘வெள்ளச் சேலைய யாருய்யா வாங்குவா? பட்டே கட்டிவிட்டா, முண்டச்சி கட்டின சேலை எனக்கெதுக்குன்னு தள்ளி வச்சிருவாளுவ. நல்ல செவப்புப் பட்டோட மஞ்ச குங்குமமாப் போய்ச் சேந்துட்டான்னா எல்லாருக்கும் மனசு நெறஞ்சிரும்’ என்றார். ராஜரத்தினம் ஆமாம் என்றார்.

அதுதான் காரணம், காமாக்ஷி. சரித்திரமும் இல்லை, நாடகமும் இல்லை. வெள்ளைப் புடவை விற்காது. அதற்காக ஒருத்தியைக் கொளுத்துகிறார்கள். இதைச் சொன்னவர் மொத்தக் கடையையும் தன் கைக்குள் வைத்து நடத்துகிற ஒரு பெண்மணி. அவரைப் போன்ற ஒருத்திதான் கொற்றமாதேவி என்று சொல்லிப் பார்த்தேன். ‘என்னய யாருய்யா டிவியில பாப்பா?’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் விளையாட்டு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவள் வெள்ளை உடுத்தினாள் என்று எந்தக் கல்லிலும் இல்லை என்றேன். சாவித்திரியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டு எதிரில் ஒரு பெண் கணவனை இழந்து, நீலப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்த் தன் குழந்தையை வளர்க்கிறாள், உங்கள் விளம்பரத்தைப் பார்த்த குழந்தை என்ன கேட்டது தெரியுமா என்று கேட்டு, அதையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கீழே சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படிக்கட்டில் வந்து நின்றார்கள். தங்கபுஷ்பம் அம்மாள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, ‘பாவம்யா அந்தப் பிள்ளை’ என்றார். ஆனால் தீக் காட்சியைக் கைவிடுகிறோம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ராஜரத்தினம்தான், ஏற்பாடெல்லாம் ஆகிவிட்டது, ஐயாவுக்கு மனசில்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறோம் என்றார்.

வந்த காரியம் முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். என் பெயர்தானே எனக்குப் பிரச்சினை. மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நின்றபோது, நான் மட்டும் தப்பித்துக்கொண்டு அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று பட்டது. திரும்பிப் போய், ஆபீசில் இருந்த கபாலியிடம் அந்தக் காட்சியின் மூலத்தாளைக் கேட்டேன். பீரோவைத் திறந்து கொடுத்தான். அவனிடமே பேனாவையும் வாங்கினேன். வசனத்தின்மேலேயே, குறுக்கே, பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘இது நடக்கவில்லை. இவள் தீயில் இறங்கவில்லை. கணவனுக்குப் பின் உயிரோடிருந்து ஏரியைக் காத்தாள்.’ கீழே கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் பிறர் எழுத்தின்மேல் மை வைத்தது இதுதான் முதல் தடவை. கபாலி படித்துப் பார்த்து, ‘இப்ப சொன்ன பாரு, இது பேச்சு. மெஷினு நல்லாப் புடிக்கும்’ என்றான். மற்றத் தாள்களோடு அதையும் பிரதி எடுக்க அனுப்பிவிட்டான். தெரிந்து செய்தானா, வழக்கப்படி செய்தானா என்று நான் கேட்கவில்லை.

மிச்சத்தை அவனே செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து சொன்னான். திங்கட்கிழமை பாலவாக்கத்தில் பிரதி எல்லோர் கைக்கும் போயிருக்கிறது. ஷண்முகப்ரியா அதை யூனிட் முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்திருக்கிறாள். ‘இறங்கலைன்னு சாரே எழுதிக் குடுத்திருக்காங்க. பெறவு நான் எதுக்கு இறங்கணும்?’ என்று சொல்லிக் கிரீடத்தைக் கழற்றி அந்தப் படியிலேயே வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். ஸ்ரீநாத் கெஞ்சினான். ஆபீசிலிருந்து ஆள் வந்து மிரட்டினார்கள். அடுத்த தொடரில் இடம் கிடையாது என்றார்கள். ‘அதுலயும் படியிலதான உக்கார வைப்பீங்க’ என்றாளாம். வேனை விட்டு இறங்கவில்லை.

இன்று ஒளிபரப்பானது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வர்ஷினி வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. சாவித்திரி வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. டைட்டிலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அவசரத்தில் பெயரை மட்டும் அழித்திருக்கிறார்கள். ‘சரித்திர ஆலோசனை:’ என்று வந்தது, எதிரில் ஒன்றுமில்லை. அது ஒன்றுதான் அந்தத் தொடரில் வந்த உண்மை.

தீயும் வந்தது. சிவப்புப் பட்டு கட்டிய ராணி முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில், தீக்குள் ஓடினாள். முகத்தை ஒருதரம்கூடக் காட்டவில்லை. மாடி வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வர்ஷினியைப் பக்கத்தில் கூப்பிட்டு, சாவித்திரிக்கும் கேட்கும்படி சொன்னேன்: அது ராணி இல்லை, வேறு எந்தப் பெண்ணும் இல்லை. சண்டைக்காட்சிக்கு வருகிற சர்தார் என்கிற ஆள். இத்தனை பெரிய மீசை. ராணி மாட்டேன் என்று போய்விட்டதால் அவருக்குப் புடவை சுற்றி, சவரிமுடி வைத்து, ஈரச் சாக்கை உள்ளே கட்டி ஓடவிட்டார்கள். ஓடி அந்தப் பக்கம் வெளியே வந்து, புடவையோடேயே உட்கார்ந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாராம். கபாலி கண்ணால் பார்த்திருக்கிறான்.

குழந்தை சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்க வேண்டும். ‘மாமாவா? மீசை வச்ச மாமாவா?’ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தது. மாடி வீட்டு மாமிகூடக் கண்ணைத் துடைத்த முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ‘அப்ப நிஜ ராணி?’ என்றது. ஏரி கட்டப் போய்விட்டாள் என்றேன். சாவித்திரி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ‘காபி இருக்கா மாமா?’ என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் எதையும் தடுத்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். தீயைப் பார்த்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். சர்தாரைப் பற்றிக் கேட்டது நம் கூடத்தில் இருந்தவர்கள் மட்டும். ஷண்முகப்ரியாவுக்கு வேலை போயிருக்கிறது. நான் இழந்தது டைட்டிலில் ஒரு வரி. பத்திரிகைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடையாறுக் கூட்டத்துப் பெண்மணியின் விலாசத்தையும் விசாரித்திருக்கிறேன். இந்தத் தடவை முன்வரிசையில் உட்கார முடியுமா என்று தெரியவில்லை. நடுவரிசையிலாவது உட்காருவேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று வாரம் காக்க வைத்துவிட்டேன்.

பள்ளியில் நீ சொல்லிவிட்டு வந்த அந்த வாக்கியத்தை உன் கடிதத்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். ‘மன்னரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதைத் தொடரில் அடித்தவன் நான், பென்சிலால் என்றாலும். என் வீட்டுக்குள் அதையே நீ எழுதினால் எப்படி ஒப்புக்கொள்வேன்? அனுமதி என்று ஒன்று என்னிடம் இல்லை, காமாக்ஷி. இருந்ததாக இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் பெண்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நீ. ஒன்பதாம் வகுப்பு உன்னைக் கூப்பிடுகிறது. போக வேண்டும் என்று உனக்கு இருந்தால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடு. என்னைக் கேட்டதாகச் சொல்லாதே.

இதைத் தபாலில் போட இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு வருஷம் என்பது அவ்வளவு நீளம் இல்லை. சாவித்திரி இருக்கிறாள், வர்ஷினி இருக்கிறது, தண்ணீர் லாரி இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். காபிப்பொடியில் சிக்கரி எவ்வளவு கலப்பாய் என்று எழுது. இன்று சாவித்திரிக்குப் போட்டுக் கொடுத்தேன், முழுவதும் குடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது உன் காபி இல்லை. விவரமாக எழுது, எந்தக் கடை, எவ்வளவு, எத்தனை கரண்டி என்று. நான் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வழக்கமான ஆசீர்வாதத்தை இந்தத் தடவை நான் எழுதவில்லை, நீ கவனித்திருப்பாய். முடிந்தால் நீ எனக்கு ஒன்று அனுப்பு.

உன்,
கோதண்டபாணி